குழந்தையின் ரத்தத்தில் ஈயம்: பரிசோதனை முதல் தொடர் கவனிப்பு வரை, படிப்படியாக

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “இதற்கு என்ன மருந்து?” என்பதுதான். ஈயத்தைப் பொறுத்தவரை அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. அந்த எண் உண்மைதானா என்பது முதலில். ஈயம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்து. இந்த வரிசை மாறினால் குழந்தைக்குத் தேவையில்லாத மருந்து போகும். ஈயம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

ரத்தம் எடுப்பது, முடிவைப் பெற்றோருக்குச் சொல்வது, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று இந்த வேலையின் எல்லாக் கட்டத்திலும் நின்றிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். மருந்து பற்றிய முடிவு மருத்துவருடையது. மற்ற எல்லாவற்றிலும் பெற்றோருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் வேலை இருக்கிறது.

பேச்சில் ‘ஈயம்’ என்றால் வெள்ளீயமும் அடங்கும். இங்கே பேசுவது காரீயத்தை. ஒரு பாத்திரத்துக்கு ஈயம் பூசியிருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்த ஈயம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. எந்தக் குழந்தைக்கு, எப்போது

அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தத்தில் ஈயம் ஏறிய குழந்தைகளில் பெரும்பாலோர் ஓடியாடி விளையாடிக்கொண்டுதான் இருப்பார்கள். வயிற்று வலி, மலச்சிக்கல், பசியின்மை, காரணமில்லாத எரிச்சல் என்று ஏதாவது தெரிந்தாலும் அதற்கு வேறு பத்துக் காரணம் சொல்லிவிட முடியும்.

தவழத் தொடங்கும் மாதத்திலிருந்து மூன்று வயது வரைதான் ஆபத்து அதிகம். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும் காலம் அது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களின் உடல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உறிஞ்சும். சிறு குழந்தையின் உடலோ பாதி வரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சந்தேகத்துக்கு இடமுள்ள சூழலில் வளரும் குழந்தைக்கு 12 மாதத்தில் ஒருமுறை, 24 மாதத்தில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

முதல் முடிவு நன்றாக வந்துவிட்டது என்று இரண்டாவதை விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. 12 மாதத்தில் தரையில் தவழ்ந்த குழந்தை 18 மாதத்தில் சன்னல் விளிம்பை எட்டிப் பிடித்து நிற்கும். அதன் உலகம் மாறிவிட்டது. பழைய எண் அந்தப் பழைய உலகத்துக்குத்தான் பொருந்தும்.

வயது எதுவானாலும் உடனே பரிசோதிக்க வேண்டிய சூழ்நிலைகளும் உண்டு. பெயிண்ட் உதிரும் பழைய வீடு, அல்லது அண்மையில் சுரண்டிப் புதுப்பித்த வீடு. பேட்டரி உடைத்தல், உலோகம் உருக்குதல், பற்றவைத்தல், பெயிண்ட் அடித்தல் போன்ற வேலை செய்யும் பெரியவர் வீட்டில் இருப்பது. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை யாருக்காவது அளவு கூடியிருப்பது. மண், சுவர்க்காரை, பெயிண்ட் செதில் என்று உணவல்லாததைத் தின்னும் பழக்கம். இந்தக் கடைசி விஷயத்தைப் பெற்றோர் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கூச்சப்படுவார்கள். குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

2. எந்தப் பரிசோதனை

ரத்தத்தில் ஈய அளவு. இதைத் தவிர வேறு எதையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். முடி, நகம் ஆகியவற்றில் வெளித்தூசி ஒட்டிக்கொள்ளும். ஈயத்தை இழுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரை அளக்கும் முறையும் சில இடங்களில் நடக்கிறது. அப்படி அளந்தால் யாருடைய சிறுநீரிலும் எண் கூடத்தான் செய்யும். ஒப்பிட ஏற்கத்தக்க அளவுகோல் இல்லை. அதைக் காட்டி யாராவது சிகிச்சை விற்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தம் எடுக்க இரண்டு வழி. விரலில் குத்தி எடுப்பது எளிது, முதல் சல்லடைக்குப் போதும். சிரையிலிருந்து, அதாவது நரம்பில் ஊசி போட்டு எடுப்பதாக நாம் சொல்லும் முறையில் எடுப்பதுதான் உறுதியான முடிவைத் தரும். சிரையில் ரத்தம் எடுக்கப் பழகிய ஆள் இருந்தால் முதலிலேயே அப்படி எடுத்துவிடுங்கள். குழந்தைக்கு இரண்டாவது குத்து மிச்சம்.

3. ரத்தம் எடுக்கும் விதம்

இந்தக் கட்டத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். கையில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசி ஒரு துளி ரத்தத்தில் கலந்தால், உடம்பில் இல்லாத ஈயம் ரிப்போர்ட்டில் வந்துவிடும்.

ஒருமுறை இரண்டு வயதுப் பையன் ஒருவனின் கையை அவன் அம்மா சோப்புப் போட்டு நன்றாகவே கழுவிக் கூட்டிவந்தார். கழுவுமிடத்திலிருந்து நாற்காலிக்கு வரும் பத்தடிக்குள் வழியில் இருந்த இரும்புக் கைப்பிடியை அவன் ஒரு தடவை தடவிக்கொண்டு வந்தான். நான் பார்த்தேன், பெரிதாக நினைக்கவில்லை. விரலில் எடுத்ததில் டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம் என்று வந்தது. சிரையில் எடுத்துப் பார்த்தால் 2. நடுவில் கழிந்த நாட்களில் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அன்றிலிருந்து கழுவிய கையை நானே பிடித்துக்கொண்டுதான் நாற்காலிக்கு வருகிறேன்.

எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்: சோப்பு, ஓடும் நீர், புதிய காகிதத் துண்டு, ஆல்கஹால் பஞ்சு, விரலில் குத்தும் சிறு ஊசியான லான்செட், உலர்ந்த காஸ் துணி, ஈயம் கலக்காதது என்று லேப் உறுதிசெய்த டியூப். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துள்ள டியூப்தான் வேண்டும், ஏனென்றால் ஈயம் பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. சீரம் பிரிக்கும் டியூபில் எடுத்தால் அந்த மாதிரி வீண்.

ரத்தம் எடுப்பவரே குழந்தையின் கையைக் கழுவ வேண்டும். நகக்கண் வரை தேய்த்து, புதிய துண்டால் ஒற்றியெடுத்து, அதன்பின் எதையும் தொட விடாதீர்கள். ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு நடுவிரலின் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் துளியைக் காஸ் துணியால் துடைத்து எறியுங்கள். தோலில் மிஞ்சிய அழுக்கும் திசுநீரும் அதில்தான் அதிகம். விரலைப் பிசைந்து பிழிய வேண்டாம். பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்க்கும். கை சில்லென்று இருந்தால் குத்துவதற்கு முன்பே வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள், ரத்தம் தானாக வரும்.

டியூபை மூடியதும் மெல்ல எட்டுப் பத்துத் தடவை தலைகீழாகப் புரட்டுங்கள். அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் இதை மறந்துவிடுகிறோம். உறைந்துபோன மாதிரியை லேப் திருப்பி அனுப்பும்.

4. எண்ணைப் படித்தல்

முதலில் அலகைப் பாருங்கள். ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்பதுதான் பரவலான வழக்கம். சில லேப்கள் லிட்டர் கணக்கில் எழுதும், சில மைக்ரோமோல் கணக்கில். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பதும், லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பதும், லிட்டருக்கு 0.24 மைக்ரோமோல் என்பதும் ஒன்றே. லிட்டருக்கு 48 என்று எழுதியிருந்ததை டெசிலிட்டருக்கு 48 என்று படித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். உண்மை அளவு 4.8. இனி இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் டெசிலிட்டர் கணக்கு.

குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஈயம் வரும் மூலத்தைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே 2021இல் தன் குறியீட்டு எண்ணை 5இலிருந்து 3.5க்கு இறக்கியது. அந்த 3.5, நஞ்சு தொடங்கும் எல்லைக்கோடு அன்று. அந்த நாட்டுச் சிறு குழந்தைகளில் மிக அதிக ஈயம் உள்ள இரண்டரை சதவீதத்தைப் பிரித்துக் காட்டும் கோடு. ஆகவே 3.4 என்று வந்தால் தப்பித்தோம் என்றும், 3.6 வந்தால் மூளை பாதித்துவிட்டது என்றும் பெற்றோரிடம் சொல்லாதீர்கள். இரண்டும் தவறு.

அளக்கும் கருவிக்கும் தடுமாற்றம் உண்டு. ஓரிரு மைக்ரோகிராம் ஏறி இறங்குவதை வைத்துக் குழந்தை தேறுகிறது, மோசமாகிறது என்று முடிவு கட்ட முடியாது.

5. உறுதிப்படுத்தல்

விரலில் எடுத்த முடிவு 3.5 அல்லது அதற்கு மேல் வந்தால் சிரை ரத்தத்தில் மறுபரிசோதனை. எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சீக்கிரம். அமெரிக்க மையத்தின் கால வரம்பையே நான் பின்பற்றுகிறேன்: 3.5 முதல் 9 வரை என்றால் மூன்று மாதத்துக்குள், 10 முதல் 19 வரை ஒரு மாதத்துக்குள், 20 முதல் 44 வரை இரண்டு வாரத்துக்குள், 45 அல்லது அதற்கு மேல் என்றால் 48 மணி நேரத்துக்குள்.

இவை அதிகபட்ச வரம்பு. ஒரு வயதுகூட ஆகாத குழந்தை என்றாலோ, வீட்டில் சுரண்டல் வேலை நடந்துகொண்டிருந்தாலோ முன்னதாகவே எடுங்கள். காத்திருக்கும் நாட்களில் சும்மா இருக்கவும் வேண்டாம். கை கழுவுவது, ஈரத்துணியால் துடைப்பது, சுரண்டும் வேலையை நிறுத்துவது ஆகியவற்றை உறுதியான முடிவு வரும் முன்பே தொடங்கலாம். எண் பொய்யாக இருந்தாலும் இவற்றால் ஒன்றும் கெட்டுப்போகாது.

6. மூலத்தைத் தேடுதல்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் கேட்பது இது, மிக அவசரமாக முடிக்கப்படுவதும் இதுதான். “வீட்டில் பழைய பெயிண்ட் இருக்கிறதா?” என்று கேட்டு, இல்லை என்றதும் படிவத்தை மூடிவிடுகிறார்கள்.

என் முறை வேறு. குழந்தையின் ஒரு நாளை முழுக்கச் சொல்லச் சொல்வேன். எழுந்ததும் எங்கே உட்காரும்? முதலில் வாய்க்குள் போவது என்ன? குடிக்கும் நீர் எந்தக் குழாயிலிருந்து? சமைப்பது எந்தப் பாத்திரத்தில்? கண்ணுக்கு, நெற்றிக்கு, தோலுக்கு என்ன பூசுகிறார்கள்? என்ன மருந்து, யார் தந்தது? பகலில் யார் வீட்டில் இருக்கும்? மாலையில் வேலை முடிந்து வருபவர் எந்த உடையோடு குழந்தையைத் தூக்குவார்? இப்படி நாள் நகர நகர மூலம் தானாக எட்டிப்பார்க்கும்.

பட்டியல் நீளமானது. பழைய பெயிண்டும் அதன் தூசியும், வாகனப் புகையும் தொழிற்கழிவும் படிந்த மண், ஈயக் குழாய், ஈயம் கலந்த பற்றவைப்பு, பித்தளைக் குழாய்முனை, மெருகு பூசிய மண்பாண்டம், பழைய உலோகத் துண்டுகளை உருக்கி வார்த்த அலுமினியப் பாத்திரம், மஞ்சள் நிறம் தூக்கலாகத் தெரிவதற்காக ஈயக் குரோமேட் கலந்த மசாலாத் தூள், ஈய சல்ஃபைடு உள்ள கண் மை, உலோகம் சேர்ந்த மருந்து, மலிவு உலோக நகை, பொம்மை, தூண்டில் குண்டு. ஒரே வீட்டில் இரண்டு மூன்று மூலம் இருக்கலாம். ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

உட்கார்ந்து பேசினால் மட்டும் போதாது, போய்ப் பார்க்கவும் வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு முறை போயும் எதுவும் கிடைக்கவில்லை. சுவர் புதிது, நீர் சுத்தம். மூன்றாவது முறை குழந்தையின் உயரத்துக்கு மண்டியிட்டுப் பார்த்தேன். கட்டிலை ஒட்டிய சன்னலின் கீழ்ச்சட்டத்தில், வெள்ளைப் பெயிண்ட் மேல் அரிசி மணி அளவில் வரிசையாகப் பல் தடங்கள். மத்தியானம் தூக்கம் பிடிக்காதபோது அவள் அங்கே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே அதைக் கடித்திருக்கிறாள். வெள்ளைக்குக் கீழே பழைய பச்சை அடுக்கு தெரிந்தது. அம்மாவுக்கு அதுவரை தெரியாது.

சந்தேகப்படும் பொருளை லேப்புக்கு அனுப்புங்கள், அல்லது பொருளில் உள்ள உலோகத்தைக் காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி வைத்திருப்பவரை அழைத்துப் பாருங்கள். நிறம் மாறும் உடனடிக் குச்சிகள் ‘இல்லை’ என்று காட்டினால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பொருளை ஒதுக்கி வைப்பதற்கு முடிவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

7. மூலத்தை அகற்றுதல்

தூக்கி எறியக்கூடியதை இன்றே அகற்றுங்கள்: பாத்திரம், மை, மருந்து, மசாலா, நகை. அதற்குச் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. பெயிண்ட் விஷயம் அப்படியில்லை. அவசரப்பட்டால் நிலைமை மோசமாகும்.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் மிகப் பெரிய தவறு, ரிப்போர்ட்டைப் பார்த்த அன்றே அப்பா உப்புத்தாளை எடுத்துச் சுவரைத் தேய்ப்பது. உலர்ந்த பெயிண்டைத் தேய்த்தால் வீடு முழுக்கத் தூசி பரவும், தீயால் சுட்டு உரித்தால் ஈயப் புகை கிளம்பும். அடுத்த மாதம் எண் ஏறியிருக்கும். பெயிண்டை அகற்றும் வேலையைப் பயிற்சி உள்ளவர் செய்யட்டும். அது முடிந்து வீடு துடைக்கப்படும்வரை குழந்தையும் கர்ப்பிணியும் வேறிடத்தில் இருக்க வேண்டும். அதுவரை உதிரும் இடத்தை ஒட்டும் தாளால் மூடுங்கள், முன்னால் ஒரு மேசையை நகர்த்திப் போடுங்கள், கட்டிலை இடம் மாற்றுங்கள்.

துடைப்பதற்கு இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் சோப்பு நீர், மற்றதில் அலசும் நீர். துடைப்பத்தால் உலரப் பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி படியும். சன்னல் பள்ளமும் தரை ஓரமும் முக்கியம். செருப்பு வாசலோடு நிற்கட்டும். வேலைக்குப் போய் வருபவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

குழாய் நீரில் ஈயம் இருந்தால் கொதிக்க வைப்பதால் பயனில்லை. நீர் ஆவியாகும், ஈயம் தங்கும், செறிவு கூடும். ஈயத்தை நீக்குவதற்கென்று சான்று பெற்ற வடிகட்டி போடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் குளிர்ந்த நீர்க் குழாயில் மட்டும், தேங்கிய நீரை ஓடவிட்ட பிறகு பிடியுங்கள்.

8. இரும்புச்சத்து, கால்சியம், உணவு நேரம்

ஈயப் பரிசோதனையோடு ஹீமோகுளோபினும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்பு குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உள்ளே விடும். குறைபாடு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் இரும்பு மருந்து. 5 அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்து, உணவில் கால்சியமோ இரும்போ போதாத குழந்தைக்கு அவற்றைச் சேர்த்துக் கொடுக்க உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் உறிஞ்சப்படுவதால், வேளை தவறாமல் ஊட்டுங்கள்.

உடம்பிலிருந்து ஈயத்தை வெளியேற்றும் உணவு என்று எதுவும் இல்லை. உணவு, உள்ளே போவதைக் குறைக்கும், அவ்வளவே.

9. 45ஐத் தாண்டினால்

சிரை ரத்தத்தில் 45 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவமனை. விடாத வாந்தி, மந்தம், தள்ளாட்டம், வலிப்பு, நினைவு தவறுதல் இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். 70ஐத் தாண்டிய எந்தக் குழந்தையும், பார்க்க நன்றாக இருந்தாலும், அவசர நோயாளிதான்.

எதையாவது விழுங்கியிருக்க வாய்ப்பிருந்தால் வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். 2006இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. காலணியோடு இலவசமாகக் கிடைத்த வளையலின் பதக்கத்தை அது விழுங்கியிருந்தது. பதக்கம் கிட்டத்தட்ட முழுக்க ஈயம். ரத்தத்தில் 180. வாந்தியோடு முதலில் வந்தபோது அது சாதாரண வயிற்று உபாதை என்றே கருதப்பட்டது. குடலில் ஈயம் தெரிந்தால் முதலில் அதை வெளியேற்ற வேண்டும்.

ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும் கீலேஷன் சிகிச்சையில் வாய்வழி மருந்து சக்சிமர். வழக்கமான ஒரு சுற்று 19 நாள்: முதல் ஐந்து நாள் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்த 14 நாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கந்தக நாற்றம் அடிக்கும். முழுங்க மறுக்கும் குழந்தைக்கு காப்ஸ்யூலைப் பிரித்து உணவில் தூவித் தரலாம். இடையில் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் கண்காணிப்பார்கள். மூளை பாதித்த நிலையில் டைமெர்காப்ரால் ஊசி, சிறுநீர் வருவதை உறுதிசெய்துகொண்டு அதன்பின் கால்சியம் டைசோடியம் இடிடிஏ.

பணியாளர்கள் அந்தப் பெயரை இரண்டு முறை படிக்க வேண்டும். ‘கால்சியம்’ என்ற சொல் இல்லாத டைசோடியம் இடிடிஏ வேறு மருந்து. அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தை இழுத்துவிடும். பெயர்க் குழப்பத்தால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

45க்குக் கீழே ஏன் கீலேஷன் மருந்தை வழக்கமாகத் தருவதில்லை என்று பெற்றோர் கேட்பார்கள். 20 முதல் 44 வரை அளவுள்ள 780 குழந்தைகளிடம் அமெரிக்காவில் சக்சிமரைச் சோதித்தார்கள். 2001இல் முடிவு வெளியானது. ரத்தத்தில் ஈயம் இறங்கியது. ஆனால் அறிவுத்திறனில், நடத்தையில், மருந்து பெறாத குழந்தைகளைவிட எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மூலத்தைத் தேட வீடு முழுவதும் இறங்குவதற்கு அதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

மருந்து முடிந்த குழந்தையை, மூலம் அகற்றப்படாத பழைய வீட்டுக்கே திருப்பி அனுப்பாதீர்கள். 2010இல் நைஜீரியாவின் சம்ஃபாராவில் தங்கத் தாது அரைத்த ஈயத் தூசியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தபோது, ஊரையும் வீட்டு முற்றங்களையும் துப்புரவு செய்வதையும் சிகிச்சையையும் பிணைத்தே மருத்துவக் குழுக்கள் வேலை செய்தன. துப்புரவு ஆகாத கிராமத்துக்குத் திரும்பினால் அத்தனை மருந்தும் வீணாகியிருக்கும்.

10. தொடர் கவனிப்பு

சிகிச்சை முடிந்ததும் எண் இறங்கி, சில வாரங்களில் மறுபடி ஏறும். எலும்பில் சேர்ந்த ஈயம் ரத்தத்துக்குத் திரும்புவதால் வரும் ஏற்றம் இது. பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் மனம் உடைந்துபோவார்கள். முன்பு இருந்த அளவையே எட்டினால் மட்டும் புதிய அல்லது கண்டுபிடிக்காத மூலத்தைச் சந்தேகியுங்கள்.

மருந்து தேவைப்படாத குழந்தைகளுக்கு: 3.5 முதல் 9 வரை என்றால் மூன்று மாதத்தில் அடுத்த பரிசோதனை. 10 முதல் 19 வரை ஒன்று முதல் மூன்று மாதம். 20 முதல் 44 வரை இரண்டு வாரம் முதல் ஒரு மாதம். இறங்குமுகம் உறுதியான பிறகு இடைவெளியைக் கூட்டலாம். மூலம் போன பின்னும் எண் மெல்லத்தான் இறங்கும், சில குழந்தைகளுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு முறையும் தேதி, எண், விரலா சிரையா, எந்த லேப் என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். இடையில் லேப்பை மாற்றினால் ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் தெரியாமல் போகும்.

ஒரு குழந்தைக்குக் கூடினால் அந்த வீட்டின் மற்றக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பரிசோதனை செய்யுங்கள். பயந்து தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டாம். தாயின் அளவு 40க்குக் கீழ் இருந்தால் பொதுவாகத் தொடரலாம், குழந்தையின் எண்ணையும் சேர்த்துக் கவனித்தால் போதும்.

எண் இறங்கியதும் கோப்பை மூடிவிடுவது வழக்கம். மூடும் முன் அதில் ஒரு வரி எழுதுங்கள்: பேச்சு, கவனம், கற்றல் ஆகியவற்றைப் பள்ளி சேரும் வயதிலும், பின்பு வாசிப்புக் கூடிவரும் வகுப்புகளிலும் சோதிக்க வேண்டும் என்று. ஈயத்தின் பாதிப்பு ரத்தத்தில் எண் குறைந்த பிறகே சில குழந்தைகளிடம் வெளிப்படும். ஆசிரியரிடம் காட்ட அந்தத் தாளின் நகல் பெற்றோர் கையிலும் இருக்கட்டும்.